கட்டாமல் விட்ட நாடா

பெயரும் விலாசமும் முதல் பக்கத்தில் கண்டபடி. வயது முப்பத்தாறு. கணவருடனும் ஏழு வயது மகளுடனும் வசித்து வருகிறேன். விண்வெளி நிலையத்துக்கு முறை வைத்துப் போய்வந்து, ஆறு வருடங்களாக இரண்டாம் பொறியாளராக வேலை பார்க்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாக விசாரணை அதிகாரியிடம் வந்து இதைச் சொல்கிறேன்.

தலைமைப் பொறியாளரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் ஏசி மெக்கானிக்காக இருந்து, அதன் பிறகு படித்துத் தேர்வு எழுதி நிலையத்துக்கு வந்தவர். இருபத்தேழு வருடங்களில் ஐந்து முறை மேலே போய் வந்திருக்கிறார். மகளின் கல்யாணத்தை அங்கிருந்து திரையில்தான் பார்த்தார். அதிலும் பாதியில் பம்பைக் கவனிக்கப் போய்விட்டதை அண்ணி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கு அவர் வைத்த பெயர் மருமகன். "மரியாதையா நடத்தணும்மா, இல்லேன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு" என்பார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வால்வை மூடுகிறவர் அதன் கைப்பிடியில் தன் நாடாவைக் கட்ட வேண்டும். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். நாடா இல்லையென்றால் வால்வு திறந்திருக்கிறது என்று அர்த்தம். என்னுடையது சிவப்பு. அண்ணனுடையது, பூப்போட்ட பழைய தலையணை உறையிலிருந்து அண்ணி கிழித்துக் கொடுத்தது.

சம்பவத்தன்று காலை, வடிகட்டி மாற்றுவதற்காக இரண்டாம் குளிர்நீர்க் குழாயின் வால்வை மூடினேன். அதன் பிறகு வீட்டிலிருந்து அழைப்பு வந்திருப்பதாகச் சொன்னார்கள். மகளுக்கு முதல் பல் விழுந்திருந்தது. அதைப் பார்க்கும் அவசரத்தில் நாடாவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டேன். அதன் பிறகு அங்கே வந்த அண்ணன், நாடா இல்லாததால் இரண்டாம் குழாய் ஓடுகிறது என்று நம்பி, முதல் குழாயைப் பழுது பார்க்க மூடினார். இரண்டும் நின்றுபோயின. அபாய மணி அடித்ததும் நான் ஓடிவந்து என் வால்வைத் திறந்தேன். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குளிர்ப்பெட்டியில் இருந்த பதினான்கு மாத ஆய்வு மாதிரிகள் அதற்குள் கெட்டுப்போயிருந்தன.

நான் அழுதுகொண்டே நாடாவை எடுத்துக் காட்டினேன். அண்ணன் அதை என் பைக்குள்ளேயே திணித்தார். அதன் பிறகு தன் நாடாவை இரண்டாம் குழாயில் கட்டி, படம் எடுத்து, இரண்டையும் மூடியது தானே என்று தரையில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்கு எழுதி அனுப்பினார். "நான் ரிட்டயர் ஆக இன்னும் நாலு மாசம்தான். நீ வாயைத் திறக்காதே" என்றார். நானும் திறக்கவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

அவருடைய உரிமத்தை ரத்து செய்து, நிலையத்தின் சுவரில் உள்ள பொறியாளர் பட்டியலிலிருந்து பெயரையும் எடுக்கப் போகிறார்கள் என்று நேற்றுத் தெரிந்துகொண்டேன். அவர் அனுப்பிய படத்தைத் தயவுசெய்து பார்க்கவும். பூப்போட்ட நாடா கைப்பிடியில் இல்லை, வெளியே குழாயில் இருக்கிறது. இரண்டாம் குழாயின் வால்வு இருக்கும் சந்தில் அண்ணனின் தோள் நுழையாது. "எல்லாம் உங்க அண்ணி சமையல்" என்று அவரே சிரிப்பார். ஆறு வருடங்களாக, எங்கள் முறையில் அதை மூடுவதும் திறப்பதும் நான் மட்டுமே.

அவர் மேல் எனக்கு மிகுந்த பிரியம் உண்டு. இது விசாரணைக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். என் உரிமம் போகலாம் என்றும் சொன்னார். தெரியும் என்றேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு சொல்லும் பொய் இல்லை. அன்று கட்டியிருக்க வேண்டிய சிவப்பு நாடாவை இந்தத் தாளில் கட்டியிருக்கிறேன். அவிழ்ப்பதானால் என்னைக் கூப்பிடவும்.

(ஒப்பம்)
இரண்டாம் பொறியாளர்