இடது காலுக்குப் புதுப் பாடம்

2025 ஜூலை 9, புதன்கிழமை. அலுவலகம் முடிந்ததும் தென்காசி சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு, வழக்கமான குற்றாலம் பேருந்தில் ஏறினேன். வெளியே சாரல். முன் இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு எதுக்கு கிளட்ச் மிதிக்கிய?" என்றார் மனைவி.

"கால் தானா போவுது. முப்பது வருசமா வேன் ஓட்டுன காலுல்லா."

கணவரின் முதலாளி புதிதாக வாங்கிய மின்சாரக் காரில் கிளட்சே இல்லையாம். அதை ஓட்டக் கணவர் பயிற்சிக்குப் போகிறாராம். இடது கால் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்துவிடுகிறதாம்.

"சொல்லிக்குடுக்குத சாரு நேத்து நீங்க மிதிச்ச மிதியில முன் கண்ணாடியில போயி முட்டுனாராமே?"

"சிரிக்காதட்டி. நாளைக்கு காலையில ஐந்தருவி ரோட்டுல மொதலாளியே ஏறிப் பாக்காரு. குலுக்குனா கார் வேற டிரைவருக்குப் போயிரும். பழைய வேனையும் அவரு வித்தாச்சு."

மனைவி குனிந்து அவர் இடது காலைப் பார்த்தார்.

"செருப்பு இல்லாம கிளட்ச் மிதிச்சிருக்கியளா?"

"வெறுங்காலோட ஒருநாளும் மிதிச்சதில்ல."

"அப்ப இடது செருப்ப எங்கிட்ட குடுத்துட்டு ஏறுங்க. கால் சும்மா கெடக்கும்."

"பாக்கவன் சிரிப்பான்."

"நானே சிரிச்சாச்சு. இனி எவன் சிரிச்சா என்ன?"

மறுநாள் காலை முதல் வேலையாக, பால்கூட வாங்காமல் ஐந்தருவிச் சாலைக்கு நடந்தேன். ஒரு கார் குலுங்காமல் வந்து நின்றது. முதலாளி இறங்கி, சாவியை ஓட்டி வந்தவர் கையிலேயே கொடுத்தார்; நேற்றுப் பேருந்தில் பார்த்த அதே கணவர். சாலையோரத்தில் அவர் மனைவி ஒற்றைச் செருப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார்.