புகை போடாத வெள்ளிக்கிழமை

தேனீ வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பூச்செடி வாங்க ஓடுவார்கள். அது பிழை. முதலில் தண்ணீர் வைக்க வேண்டும். அகலமான மண்சட்டியில் கூழாங்கற்களைப் பரப்பி, கல்லின் தலை மூழ்காத அளவுக்குத் தண்ணீர் விட்டால் தேனீ அதில் நின்று குடித்துவிட்டுப் போகும். கல் இல்லாவிட்டால் விழுந்து செத்துவிடும். பாவம், நீந்தத் தெரியாத சீவன்.

இதையும் எழுதுங்கள் தங்கச்சி. முதல்முறை வந்த பொலிஸ் சார்ஜன் விபத்து என்று எழுதினார், நானும் கையெழுத்து வைத்தேன். இப்போது மறுபடியும் கூப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள் தமிழ்ப் பிள்ளை, சொன்னால் விளங்கும். நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். ஒன்றைத் தொடங்கினால் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதியில் தொடங்கி ரயில் பாதையில் முடிகிறது. இரண்டு பக்கமும் அடுக்குமாடி பிளட் எழும்பிவிட்டது. மண் தெரிகிற வீடு என்று மிஞ்சியவை இரண்டுதான். ஒன்று என்னுடையது, மற்றது ஜீவராணியுடையது. நடுவில் நெஞ்சளவு மதில். அவள் பிளவுஸ் தைத்துச் சீவித்தவள். புருசன் இல்லை, பிள்ளையும் இல்லை. என் மகள் நிரோஷா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புத்தகப் பையை எங்கள் வீட்டில் எறிந்துவிட்டு அங்கே ஓடிவிடுவாள். அப்போது அதை நான் குறையாக எடுக்கவில்லை. எனக்கும் விடைத்தாள் திருத்துகிற வேலை இருந்தது.

இப்போது நிரோஷா கொழும்புக் கோட்டையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். முப்பது தாண்டிவிட்டது. அவளுடைய அப்பா போன நாளிலிருந்து எனக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. அவளை ஒரு நல்ல இடத்தில் கட்டிக் கொடுக்க வேண்டும். வேறு எதையும் நான் கடவுளிடம் கேட்டதில்லை.

எங்கள் ஆட்கள் கல்யாணம் பேசும் முறை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சாதகக் குறிப்புப் பொருந்தி, படம் பிடித்து, எல்லாம் சரி என்ற பிறகும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேலை செய்வார்கள். நமக்குச் சொல்லாமல் வந்து பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். பிள்ளை எப்படி, தாய் எப்படி, வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று கேட்பார்கள். இருபது வருடம் கோயிலுக்கு விளக்கேற்றினாலும் பக்கத்து வீட்டுக்காரியின் வாயில்தான் நம் மானம் இருக்கிறது.

நிரோஷாவுக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாம் அந்த விசாரணையோடு நின்றன. லண்டன் எஞ்சினியர் நின்றார். கல்கிசை டொக்டர் நின்றார். தெஹிவளையில் ஒரு கணக்காளர், தங்கமான குடும்பம், நாள் குறிக்கிற கட்டத்தில் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். தரகர் வரதராசாவை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, உண்மையைச் சொல்லும்வரை எழும்பவிடவில்லை.

"டீச்சர், குறிப்பில ஒரு பிழையும் இல்லை. பக்கத்து வீட்டில விசாரிச்சவை. அதோட விட்டிட்டினம்."

"என்ன சொன்னவவாம்?"

"கூடாமல் ஒண்டும் சொல்லேல்ல. பிள்ளை தங்கம் எண்டுதான் சொன்னவவாம். எதுக்கும் பிள்ளையிட்ட ஒருக்காக் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ எண்டும் சொன்னவவாம். வந்த எல்லாரிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கிறா."

குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும். பிள்ளையிடம் கேளுங்கள் என்றால் என்ன அர்த்தம்? பிள்ளைக்கு வேறெங்கோ விருப்பம் இருக்கிறது என்று அர்த்தம். எந்த மாப்பிள்ளை வீட்டார் அதற்குப் பிறகு நிற்பார்கள்? என் பிள்ளையின் வாழ்க்கையை இவள் தையல் மெஷினில் இருந்துகொண்டே பிரித்துப்போட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் மதிலடியில் நின்று சண்டை பிடிக்கிற சாதி இல்லை. பொறுத்தார் பூமி ஆள்வார். நான் பொறுத்தேன்.

அதற்கு முந்திய ஆண்டு ஆடிவேல் விழா பார்க்கப் போனபோது ஜீவராணி வாங்கிய சர்பத்துக் கிளாசுக்குள் ஒரு தேனீ இருந்தது. உதட்டில் குத்திவிட்டது. பார்த்திருக்க முகம் வீங்கி, கழுத்து தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஓட்டோ பிடித்து, அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான்தான். டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இன்னொருமுறை குத்தினால் இதைவிட மோசமாக வரும், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்றார். அவள் எனக்குத் தன் கேற் பூட்டின் திறப்பில் ஒன்றைத் தந்து வைத்தது அதற்குப் பிறகுதான்.

வரதராசா வந்துபோன அடுத்த மாதம் தேனீ வளர்ப்பு வகுப்பு ஒன்றுக்குப் போனேன். நல்ல வகுப்பு. படிப்பித்த புஷ்பராஜ் மலையகத்துப் பிள்ளை, கொட்டினாலும் சிரித்துக்கொண்டு நிற்பார். பெட்டி எங்கே வைப்பது, கால்களுக்குக் கீழே தண்ணீர் டின் வைத்து எறும்பை எப்படித் தடுப்பது, திறக்குமுன் தேங்காய்ப் பொச்சுத் தும்பை எரித்துப் புகை போட்டு எப்படிச் சாந்தப்படுத்துவது, எல்லாம் சொல்லித்தந்தார். கடைசியில் சொன்னார்:

"வாழைப்பழம் சாப்பிட்டுட்டு மட்டும் பெட்டிகிட்ட போயிராதீங்க டீச்சர். ஒரு ஈ கொட்டுனா அதுலருந்து ஒரு வாசம் கெளம்பும், பழுத்த வாழைப்பழ வாசம் மாதிரியே. சண்டைக்குத்தான் கூப்பிடுறாங்கன்னு மத்ததெல்லாம் வந்துரும்."

நான் கொப்பியில் எழுதவில்லை. அப்படி விஷயங்கள் எனக்கு மனதில் நின்றுவிடும்.

பெட்டி வந்தபோது ஜீவராணி பயந்தாள். பயப்படாமல் இருப்பாளா? மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "அக்கா, எனக்குத் தேனீ ஒத்துவராதெல்லோ" என்றாள். இது சாதுவான இனம், வாசலை உன் பக்கம் வைக்கவில்லை, புகை போட்டுத்தான் திறப்பேன் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொன்னாள்:

"அக்கா பக்கத்தில இருக்கிறியள்தானே. ஏதும் எண்டா ஓடி வருவியள்."

"வராமல்?" என்றேன்.

அந்த மாதங்கள் நன்றாகப் போயின என்றுதான் சொல்லவேண்டும். பெட்டியைச் சுற்றித் துளசி நட்டேன். முருங்கை பூத்தது. காலையில் தேனீக்கள் மஞ்சள் மாவைக் காலில் அப்பிக்கொண்டு வாசலில் இறங்குவதைப் பார்த்தால் பசி தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நிரோஷாவும் பெட்டியடிக்கு வருவாள். புகை போடுவது அவள் வேலை. தகரக் குவளையில் தும்பைத் திணித்து, பற்றவைத்து, இருமிக்கொண்டு ஊதுவாள். கனகாலத்துக்குப் பிறகு நானும் அவளும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். முதல் தேனில் ஒரு போத்தலை ஜீவராணிக்குக் கொடுத்தேன். அவள் எனக்கு இரண்டு பிளவுஸ் சும்மா தைத்துத் தந்தாள். பெட்டியை எதற்காக வாங்கினேன் என்பதே சில நாட்களில் எனக்கு மறந்து போனது.

அந்த வெள்ளிக்கிழமை பூசைக்குப் பஞ்சாமிர்தம் செய்தேன். கோழிக்கூட்டு வாழைப்பழம், தோல் கறுத்தது, அதுதான் நன்றாகப் பிசைபடும். சர்க்கரை, பேரீச்சம்பழம், நெய், என் பெட்டித் தேன். ஜீவராணி மதிலடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாழையிலைத் துண்டில் அள்ளிக் கொடுத்தேன், கரண்டி கொடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே கையால் சாப்பிட்டாள். நல்ல ருசி என்றாள். விரலில் ஒட்டியதைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் உடுப்புக் காயப்போடத் திரும்பினாள்.

நான் முகவலையைப் போட்டுக்கொண்டு பெட்டியடிக்குப் போனேன். வாசலை அவள் பக்கம் திருப்பினேன். புகை போடவில்லை. மூடியைத் திறந்து, ஒரு விறகுக் கட்டையால் பெட்டியை அடித்தேன். வாழைப்பழ வாசத்துக்குத்தான் போனதோ, அடித்த அடிக்குத்தான் போனதோ, என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் போனது.

அவள் முதலில் அலறினாள். பிறகு "அக்கா" என்று கூப்பிட்டாள். நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அதை வடித்தேன். அவசரப்பட்டால் சோறு அரைவேக்காடாகிவிடும். பிறகு குசினி மேசையைத் துடைத்தேன். அவள் இன்னும் கூப்பிட்டாள், குரல் வரவரச் சின்னதாகியது. பெயரைச் சொல்லவில்லை, அக்கா, அக்கா என்றுதான். சத்தம் நின்றபிறகு திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். எதிர் பிளட்டில் இருந்தவர்கள் பார்த்தது அந்த ஓட்டத்தைத்தான். நன்றாகவே ஓடினேன். அம்புலன்சும் சுணங்காமல் வந்தது, ஆனால் பிரயோசனமில்லை.

அவளுடைய முற்றத்தில் தேனீக்கள் உதிர்ந்து கிடந்தன. கொட்டிய தேனீ உயிரோடு இருக்காது, தன் குடலையும் சேர்த்து விட்டுவிட்டுத்தான் போகும். அவற்றைக் கூட்டி அள்ளும்போது எனக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்தவர்கள் ஜீவராணிக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

ஜீவராணியைக் கனத்தைச் சுடலையில் எரித்துவிட்டு வந்த பின்னேரம் நிரோஷா பின்வளவுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் அந்தத் தகரக் குவளை இருந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமை அடுத்த தடவைக்கென்று திணித்துவைத்த தும்பு கருகாமல், பற்றாமல் அப்படியே இருந்தது.

"ஏனம்மா புகை போடாமல் திறந்தனீங்கள்?"

"மறந்துபோனன்."

"நீங்கள் மறக்கமாட்டீங்கள்." குவளையை என் முன்னால் வைத்தாள். "அவவிட்ட அப்பிடிச் சொல்லச் சொன்னது நான்தான், அம்மா. விசாரிக்க வந்த ஆக்களிட்ட. நான்தான் கெஞ்சிக் கேட்டனான். ராணி அன்ரிக்கு விருப்பமே இல்லை."

நான் திடுக்கிட்டிருக்க வேண்டும். தாயென்றால் அந்த இடத்தில் திடுக்கிடத்தான் வேண்டும். எனக்கு அது வரவில்லை. என் முகத்தைப் பார்த்து அவள் பின்னுக்குப் போனாள். "உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

ஓம், தெரியும். இதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லாமல் வைத்திருந்தேன். எழுதுங்கள்.

அந்த வெள்ளிக்கு முந்திய ஞாயிறு பெட்டிக்காலடியில் குந்தியிருந்து டின்னுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருவரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் இருப்பது தெரியாது.

"இன்னொரு பகுதி வருமாம் அன்ரி. அதையே சொல்லிவிடுங்கோ."

"எத்தினை நாளைக்கு மகள் இப்பிடி? அம்மாட்டச் சொல்லன். அவ விளங்கிக்கொள்ளுவா."

"அம்மாட்டயோ?" நிரோஷா சிரித்தாள். "அம்மாட்ட நான் என்னத்தைச் சொன்னனான், இதைச் சொல்ல?"

பிறகு ஜீவராணி, அவர் என்ன சொல்லுகிறார் என்று ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டாள். அந்த நேரம் பார்த்து ரயில் போனது. எனக்குப் பெயர் கேட்கவில்லை. நிரோஷா அழுதாள், ஜீவராணி அவள் தலையைத் தடவினாள் போல, பிறகு இருவரும் சிரித்தார்கள். நான் பெற்ற பிள்ளையின் மனதில் இருக்கிற ஒருவனின் பெயர் அந்தத் தையல்காரிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

ஜீவராணி கல்யாணத்தைக் குழப்பவில்லை, நிரோஷா சொன்னதைச் செய்தாள், அதுவும் மனமில்லாமல் செய்தாள் என்று அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. வேறொருத்தியென்றால் அதோடு மனம் ஆறியிருக்கும். நான் நாள் குறித்தது அன்றைக்குத்தான். சம்பந்தம் இன்னொன்று வரும். பிள்ளையை எடுத்தவளை எப்படி விடுவது?

ஆகவே விபத்து என்பதை வெட்டிவிடுங்கள். நான் கொன்றேன். தெரிந்து, யோசித்து, அவள் பிழையில்லை என்று அறிந்த பிறகு கொன்றேன்.

உங்களிடம் வந்து முறைப்பாடு கொடுத்தது நிரோஷாதான் என்கிறீர்கள். நல்லது. கல்கிசையில் ஒரு சிநேகிதியோடு இருக்கிறாள், என் போனுக்கு வரமாட்டாள், அதுவும் தெரியும். செத்தவீட்டுத் துக்கம், கோபம். பிள்ளைகள் கோபித்தால் எவ்வளவு நாளைக்கு? ஆறினதும் வருவாள். வந்து என் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் எனக்குச் சொல்லுவாள். மனம்விட்டுக் கதைக்க இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?