கிளிக்கூடத்துக் கதவு

வலது கையால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால்தான் உங்கள் மேஜையில் டீ சிந்திவிட்டது. கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

பத்திரிகைக்காரர்கள் இந்தக் கையைத்தான் படம் பிடித்தார்கள். பெருக்கித் துடைக்கும் எல்லம்மாளைக் காப்பாற்றப்போய்க் கையைச் சுட்டுக்கொண்ட சத்திர மேனேஜர் முருகையன் என்று எழுதினார்கள். கொப்புளம் ஏன் வளைவாக இருக்கிறது என்று உற்றுப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

எங்கள் சத்திரத்துக்கு இருநூறு வயது. கூடத்து விதானம் முழுக்கத் தேக்கு. நூற்றெட்டுக் கிளிகள் செதுக்கியது. போன வருஷம், 1997இல், தீயணைப்பு அதிகாரி சக்கரபாணி வந்தார். ஒரே வாசல் போதாது, பின்சுவரை இடித்து இன்னொன்று வையுங்கள் என்றார். அந்தச் சுவர் நிறையப் பழைய ஓவியம். சரி, மேலே தண்ணீர்க் குழாய் போடுங்கள் என்றார். கிளிகளுக்கு நடுவே துளை போடுவதா?

"வேற வழியே இல்லீங்களா சார்?" என்றேன்.

"காத்து கம்மியானா நெருப்பு அடங்கும். மொதல்ல ஆளுங்கள வெளிய கொண்டாந்துட்டு, அப்புறம் கதவ இறுக்க மூடுங்க."

தீபத்தன்று மாலை ஆறு மணி. மலையில் தீபம் ஏறியதும் ஊரே விளக்கேற்றும். கூடத்துக்குள் மட்டும் கூடாது என்று எல்லம்மாளிடம் சொல்லியிருந்தேன்.

"ஊரெல்லாம் வெளக்கு, உங்க கிளிங்க மட்டும் இருட்டுல கெடக்கணுமா? ஒண்ணே ஒண்ணு சார்" என்று சிரித்தபடி அகலோடு போய்விட்டாள்.

விதானத்துக்கு எண்ணெய் பூசிய துணிகளைக் கதவோரம் போட்டு வைத்தவன் நான்தான். அதில்தான் பற்றியது. நான் ஓடி வந்தபோது அவள் ஈரச் சாக்கால் அடித்துக்கொண்டிருந்தாள். தூணில் பாதிக்குத் தீ ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். ஆனால் அதுவரை கதவு திறந்திருக்க வேண்டுமே. மூடினேன்.

அந்தக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் கிடையாது. இரும்பு வளையம் மட்டும்தான். அவள் உள்ளே இழுத்தாள். நான் வெளியே இழுத்தேன்.

"சார், கதவு சிக்கிக்கிச்சு, கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். இரண்டு முறை சொன்னாள். தெருவெங்கும் அரோகரா சத்தம். அத்தனை முகமும் மலையைப் பார்த்திருந்தது. வளையம் கொதித்தது. நான் விடவில்லை.

சக்கரபாணி சார் சொன்னது சரிதான், நெருப்பு அடங்கிவிட்டது. ஒரு கிளியின் அலகுகூடப் போகவில்லை. கரிதான் கொஞ்சம் படிந்திருக்கிறது. எல்லம்மாள் இருந்தால் இரண்டே நாளில் துடைத்துவிடுவாள்.