ஓலையில் வந்த பெயர்

மரக்காணத்தில் பஸ் ஏறிய இருவர் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். சன்னலோரம் இருந்தவர் சொன்ன முதல் வார்த்தையிலேயே நான் கையிலிருந்த போனை மறந்தேன்.

“செத்துப்போன பொண்ணுக்குக் கல்யாண ஓலை வாசிக்க வச்சிட்டேம்பா.”

“என்னாது?”

“சர்ச் பங்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நான்தானே டைப் பண்றேன். வேலை சீக்கிரம் முடியட்டும்னு, காப்பி பண்ணினதைக் கமாண்ட் அடிச்சு ஒட்டுற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டேன். கல்யாணப் பொண்ணு பேரு காப்பி ஆகல. அதுக்கு முன்னாடி துக்க நோட்டீசுக்கு எடுத்த பேரு வந்து ஒட்டிக்கிச்சு. நான் பார்க்கல. ஃபாதர் ஞாயித்துக்கிழமை பூசையில, இவங்களுக்குக் கல்யாணம்னு அப்படியே வாசிச்சிட்டாரு.”

வெளியே மழைக்கு இருட்டியிருந்தது. உப்புக் குவியல்களின் மேல் அவசரமாகத் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்த சாஃப்ட்வேரை எடுத்துட்டியா?”

“அன்னைக்கே எடுத்துட்டேன். போடுறதுக்கும் ஒரு வரி கமாண்ட், எடுக்கிறதுக்கும் ஒரு வரிதான். மறுநாள் செத்த பொண்ணோட அம்மா ஆபீசுக்கு வந்தாங்க.”

“திட்டினாங்களா?”

“திட்டியிருந்தா பரவாயில்லயே. ஓலை வாசிச்ச பேப்பரைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. வாசல் வரைக்கும் போயி திரும்பி, ‘ஓலை மூணு ஞாயிறு வாசிக்கணுமே, அடுத்த வாரமும் என் பொண்ணு பேரு வரும்ல?’ன்னு கேட்டாங்கப்பா.”