பேட்டரி அறைக்குள் போன கற்பூரத் தட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் முதலாளி தேனப்பன் அவர்களே, ஆவூர்ப் பங்குக் கோயிலிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, ஷெட்டின் தோழர்களே! நம் பஸ் கம்பெனியின் எலக்ட்ரீஷியன் சூசைமாணிக்கம் அண்ணன் படத்துக்கு மாலை போட்ட கையோடு, மெக்கானிக் ரத்தினவேல் பேச நிற்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

யார் இந்தச் சூசைமாணிக்கம்? கீரமங்கலம் பஸ் காலையில் கிளம்பாமல் கிடந்தபோதெல்லாம் நாம் பேட்டரியைத்தானே மாற்றி மாற்றிப் போட்டோம்? அவர் வந்தார். எஞ்சின் ஓடாத வண்டியில் டைனமோவைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. "பேட்டரி மேல பழி போடாதீங்க. கரண்டு திரும்பாமத் தடுக்குற கட்-அவுட்டு ஒட்டிக்கிட்டிருக்கு. ராத்திரியெல்லாம் பேட்டரி டைனமோவுக்குள்ளயே வடியுது" என்றார். அதைச் சரிசெய்தார், வண்டி ஒழுங்காகப் புறப்பட்டது.

அந்த மனிதர்மேல் இப்போது என்ன பழி? கிறிஸ்தவ வேதக்காரர் ஆயுத பூசைத் தட்டைத் தட்டிவிட்டாராம், அதனால் சாமி குத்தமாம்! அவர் மனைவி வியாகுலமேரி அக்காவின் காதுபடவே பேசுகிறார்கள். வெட்கமாக இல்லையா?

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வாயு கிளம்பும், நெருப்புப் பட்டால் வெடிக்கும். அதனால் ஆண்டுதோறும் பூசைக்கு முதல் நாளே சார்ஜரை அணைப்பார். ஒரு பேட்டரியை முற்றத்துக்குத் தூக்கிவந்து, தாமே சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டச் சொல்வார். இந்த ஆண்டு விசயதசமி ஸ்பெஷல் வண்டிகளுக்காக அணைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. சார்ஜ் ஏறும் பேட்டரி அறையோ சன்னல் இல்லாதது. சன்னல் வையுங்கள் என்று அவர் எத்தனை முறை கேட்டார்!

பூசை வேளையில் அறந்தாங்கி வண்டிக்கு விளக்கு எரியவில்லை என்று அவரை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். எல்லா எந்திரத்துக்கும் காட்டியதுபோல் அங்கேயும் காட்ட, கிளீனர் கருப்பன் தட்டோடு அறைக்குள் போய்விட்டான். அண்ணன் ஓடினார். கருப்பனைப் பிடித்து வெளியே தள்ளினார். தட்டு உள்ளே விழுந்தது, வாயு பற்றிப் பேட்டரிகள் வெடித்தன. ஆசிட்டில் வெந்த அவர் முகத்தை அக்காவுக்குக்கூட நாங்கள் காட்டவில்லை.

கருப்பன் இதோ முன்வரிசையில் இருக்கிறான். அன்றிலிருந்து அவன் சொல்வது ஒன்றுதான்: "என்னையத் தள்ளுனாருங்க. சாமியத் தள்ளலைங்க."

முதலாளி அவர்களே! அண்ணன் பார்த்த வேலையை இனி நாங்கள் பார்ப்போம். பூசை நாளில் சார்ஜர் ஓடாது. காற்றுப் போகாத அறையில் ஒரு பேட்டரிகூடச் சார்ஜுக்கு ஏறாது. வண்டி நின்றால் நிற்கட்டும். பயணிகள் கேட்டால் காரணத்தையும் சொல்வோம், அவர் பேரையும் சொல்வோம்.

சன்னலுக்கு உத்தரவு கேட்டு நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. கடப்பாறை வெளியே இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அந்தச் சுவரில் முதல் கல்லை வியாகுலமேரி அக்கா பெயர்க்கிறார். முதலாளி அவர்களே, இரண்டாவது கல்லைப் பெயர்க்க நீங்கள் வாருங்கள்.