பித்தளை மூடிய எட்டு

உயிலங்குளத்தில் பஸ் ஏறிய அக்காவும் தம்பியும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். தம்பி மெக்கானிக். அவன் காலடியில், சாக்கில் சுற்றிய ஒரு எஞ்சின் சிலிண்டர் ஹெட் கிடந்தது.

“அக்கா, நேற்று பழைய இரும்புக் கடையில வாங்கின இந்த ஹெட் அத்தான்ர லொறியின்ர.”

“எப்பிடிச் சொல்லுறாய்? வார்ப்பில இருக்கிற நம்பர் அந்த மொடல் லொறி எல்லாத்துக்கும் ஒண்டுதான் எண்டு நீதானே சொன்னனீ.”

“ஓம், நம்பர் ஒண்டுதான். ஆனா இதில வெடிச்ச இடத்தை நான்தான் பித்தளை வச்சு ஒட்டினனான். நம்பரின்ர கடைசி எட்டில பாதி பித்தளைக்குள்ள மறைஞ்சிட்டுது. தடவிப் பாருங்கோ.”

அவள் குனிந்து சாக்குக்குள் கையை விட்டாள். வெகுநேரம் அந்தக் கை வெளியே வரவில்லை.

“சண்டை நேரம் லொறியோட போன மனிசன் எப்பிடியும் வருவார் எண்டுதானே நான் இருக்கிறன்.”

“அதுக்குத்தான் போறம். லொறியை எங்க கண்டது, உள்ள ஆர் இருந்தது எண்டு கடைக்காரனிட்டக் கேப்பம்.”

மன்னாரில் அந்தக் கடைக்கு முன்னால் பஸ் நின்றது. தம்பி சாக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பினான். அவள் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இரடா. கேட்டால் அவன் சொல்லிப்போடுவான்.”