இரண்டு பொத்தான்

பட்டறையை ஊர் மாற்றுவது, ஐயா, பெரிய தலைவலி. சாமான் ஏற்றுகிறவர்களிடம் எதைக் கொடுத்தாலும் தலைகீழாகத்தான் வைப்பார்கள். ஏன் மாற்றினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தண்ணீர் வரவில்லை, லாரி திரும்பத் தெருவில் இடமில்லை என்று நான் சொன்னதெல்லாம் நிஜம்தான். ஆனால் முக்கியமான காரணம், வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை.

கதவுக்குக் கீல் செய்கிற பட்டறை என்னுடையது. பிரஸ் மெஷினில் தகட்டை வைத்தால் மேல் அச்சு இறங்கி ஒரே அழுத்தில் வெட்டி மடக்கிவிடும். மெஷினுக்கு இடப்பக்கம் ஒரு பொத்தான், வலப்பக்கம் ஒரு பொத்தான். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். ஒன்றை விட்டாலும் மேலே போய்விடும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் போகாது. யாரோ ஒரு பயந்தாங்கொள்ளி யோசித்துச் செய்தது. நான் ஒரு பொத்தானுக்கு மரத்துண்டால் ஆப்பு வைத்து, அழுந்தியபடியே இருக்கச் செய்தேன். ஒரு கை தகடு வைக்க, ஒரு கை பொத்தான் அழுத்த. வேலை பிய்த்துக்கொண்டு ஓடியது.

விரல்கள் போயின. இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் தெரு டீக்கடையில் பாதிப் பேர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடிப்பார்கள். பணிவு என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு கையால் பிடிக்க விரல் போதாது. கடைசியில் கேட்டை விரியத் திறந்து வைத்தாலும் எட்டிப் பார்க்க ஆளில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் சோறு போட்டவன் நான். சரி, விரல் உள்ள ஊராகப் பார்த்துப் போவோம் என்று முடிவெடுத்தேன். வியாபாரம் செய்கிற யாரும் அதைத்தான் செய்வார்கள்.

என் மனைவியின் தம்பி எனக்கு வலது கை. மெஷின்களைப் பார்த்துக்கொள்வதும் அவன்தான், அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவன்தான், அவர்கள் வீட்டு வாசலில் நின்று திட்டு வாங்குவதும் அவன்தான். அக்காவைப் போலவே இளகின மனசு. எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

அன்று மதியம் மற்ற மெஷின்களோடு சாமான் ஏற்றுகிற ஆட்களும் லாரியில் போய்விட்டார்கள். என் மனைவி புது ஊரில் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசி மெஷினைக் கழற்ற நாங்கள் இருவர் மட்டும். அவன் ஆப்பைப் பிடுங்கி இடது கையில் இறுக்கி வைத்துக்கொண்டான்.

"நான் வரல அத்தான். இத எடுத்துக்கிட்டு நாளைக்கு லேபர் ஆபீஸ் போறேன். அந்த ஊர்லயும் உங்கள மெஷின் ஓட்ட விடமாட்டேன்."

பேச்சு முடிந்தது என்பதுபோல, அச்சில் சிக்கியிருந்த தகட்டுத் துண்டை எடுக்கக் குனிந்தான். மெஷினை நிறுத்தாமல் அவன் உள்ளே கையை விட்டதே இல்லை, அன்றுதான் விட்டான். ஆப்புதான் இல்லையே, இனி என்ன பயம் என்று நினைத்திருக்கிறான்.

நான் ஊருக்குக் கிளம்பிய பிறகு நடந்த விபத்து என்று முதலில் உங்களிடம் சொன்னேன். ஆப்பு அதன் இடத்தில் இருந்திருந்தால் நம்பியிருப்பீர்கள், முழங்கை உரசினாலே அச்சு இறங்கியிருக்கும். ஆனால் ஆப்பு அவன் இடது கையில் இருந்தது, நீங்கள்தான் விரல்களைப் பிரித்து எடுத்தீர்கள். அவனுடைய ஒரு கையில் ஆப்பு, இன்னொரு கை அச்சுக்கு அடியில். அப்படியானால் பொத்தான்களில் இருந்த இரண்டு கையும் யாருடையவை என்று கேட்டீர்கள். என்னுடையவைதான் ஐயா.

அழுத்தியவன் விடவில்லை. அப்படியே நின்று, புது ஊரைப் பற்றி அவனுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னேன். அகலமான தெரு, தாராளமான தண்ணீர், மாடியில் அவனுக்கென்று தனி அறை. அவன் கத்தினான்தான். பட்டறைத் தெருவில் சத்தத்தை யார் சட்டை செய்கிறார்கள். ரத்தம் செருப்பு வரை வந்தபோது காலை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"வர்றேன் அத்தான். எங்க வேணாலும் வர்றேன். ஒரு கைய மட்டும் எடுங்க."

வலியில் கொடுக்கிற வாக்கை நான் நம்புவதில்லை. அவன் அக்காவைக் கூப்பிட்டான், அப்புறம் அதுவும் நின்றது. எனக்கு இரண்டு கையும் மரத்துப்போயிருந்தன. கழுவிக்கொண்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். தம்பி பின்னால் வருவான் என்று அவளிடம் சொன்னேன்.

புது ஊரில் கேட்டைத் திறந்த அன்றே வரிசையில் நின்றார்கள். ஒருவரும் கையைப் பாக்கெட்டுக்குள் ஒளிக்கவில்லை. பார்க்கவே கண் நிறைந்தது. புது ஆப்பை நானே உட்கார்ந்து செதுக்கினேன். பழைய கட்டடக்காரர் நாற்றம் தாங்காமல் ஷட்டரை உடைக்காமல் இருந்திருந்தால், இந்நேரம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

என் மனைவி கீழே ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்றீர்கள். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவள் தம்பியை நான் கடைசிவரை கைவிடவில்லை. அவன்தான் கையை விட்டான்.